முப்பத்தொரு முடிச்சும் ஒரு கொடுவாவும்

அந்தத் தெருவில் யாராவது சாவியைத் தொலைத்துவிட்டால் முதலில் கடவுளைக் கூப்பிடுவார்கள், அடுத்தபடியாகச் சாவிக்காரரைக் கூப்பிடுவார்கள். கடவுள் இதுவரை வந்ததாகத் தகவல் இல்லை. சாவிக்காரர் பத்து நிமிஷத்தில் வந்துவிடுவார். தோளில் ஒரு கான்வாஸ் பை, புருவத்தில் பித்தளைத் தூள், வாயில் ஒரே கேள்வி: "கடைசியா எப்ப பாத்தீங்க?"

பூட்டைத் திறப்பதைவிட இந்தக் கேள்வியைக் கேட்பதில்தான் அவருக்கு ருசி அதிகம். தொலைத்தவர் தலையைச் சொறிவார், பாக்கெட்டை நாலாவது தடவையாகத் தடவுவார், "இங்கதாங்க வச்சேன், போயிடுச்சு" என்பார். "எப்படிப் போகும்? அதுக்கென்ன காலா இருக்கு?" என்று சாவிக்காரர் அடுத்த அம்பை விடுவார். அதற்கப்புறம்தான் கம்பியை எடுத்துப் பூட்டுக்குள் விடுவது. ஜனங்கள் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள். வெளியே நிற்கிறவனுக்கு வேறு வழி கிடையாது.

முப்பது வருஷமாக மற்றவர்களின் மறதியில் சோறு தின்ற மனிதர் அவர். அதனாலேயே, தான் எதையாவது தொலைத்துவிடுவோமோ என்ற பயம் அவர் எலும்புக்குள் இறங்கிவிட்டது. பயத்துக்கு அவர் கண்டுபிடித்த மருந்து கயிறு. மூக்குக் கண்ணாடியைக் கழுத்தோடு கட்டினார். பேனாவைச் சட்டைப் பையோடு கட்டினார். பற்பசை மூடியை டியூபோடு கட்டினார். டீவி ரிமோட்டை சோபாவின் இடது காலோடு கட்டினார். அதிலிருந்து அந்த வீட்டில் எந்தச் சேனல் ஓட வேண்டும் என்பதை சோபாவின் இடது மூலையில் உட்கார்ந்திருப்பவர்தான் தீர்மானிக்க முடியும் என்று ஆகிப்போனது.

அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையிலிருந்து மதியம்வரை ஊரார் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பு தேடுகிறவள். "நானுந்தான் கட்டறேன். ஆனா ஒரு நிமிஷத்துல அவுத்து விட்டுடறேன்" என்பாள். சாவிக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் கைக்குக் கயாக் என்கிற துடுப்புப் படகு எப்படி வந்தது என்று கேட்டால், உட்கார்ந்ததால் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் ஷட்டர் சிக்கிக்கொண்டது. போய்த் திறந்தார். முதலாளி உள்ளே போய் ரசீதுப் புத்தகம் தேட ஆரம்பித்தார். கடையில் நாற்காலி இல்லை. தரையில் ஆரஞ்சு நிறத்தில் பதினோரு அடி நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் படகு கிடந்தது, நடுவில் சாய்மானம் வைத்த இருக்கையோடு. சாவிக்காரர் அதில் உட்கார்ந்தார். கால் வைக்க இரண்டு பக்கமும் பள்ளம். இடுப்புக்கு அணைப்பு. ரசீதுப் புத்தகம் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரத்தில் டைல்ஸ் தரையில், குழல் விளக்கு வெளிச்சத்தில், அவர் ஒரு கடலைக் கடந்துவிட்டார். எழுந்திருக்க மனசு வரவில்லை. வாங்கிவிட்டார்.

படகு மட்டும் வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. தூண்டில் போடுகிற கயாக்குக்கு என்னென்ன வேண்டும் என்று அவர் படிக்க ஆரம்பித்தார். மிதவை ஜாக்கெட் வேண்டும், அதைப் படகில் போட்டு வைக்காமல் உடம்பில் போட்டிருக்க வேண்டும். சரி. துடுப்பு கை நழுவினால் அது ஒரு பக்கம் நீங்கள் ஒரு பக்கம் என்று ஆகிவிடும், ஆகவே துடுப்பைப் படகோடு ஒரு கயிற்றால் இணைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது. இந்த வரியைப் படித்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக யாரோ அவரைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்! தூண்டில் கம்புக்கும் கயிறு கட்டலாம் என்றிருந்தது. மீன் வாயிலிருந்து கொக்கியைக் கழற்றுகிற குறட்டுக்கும் கட்டலாம். இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அளவுக்கு மேல் கட்டினால் கயிறே உங்களைச் சிக்க வைக்கும் என்று அடுத்த பத்தியில் இருந்தது. அந்தப் பத்தியை அவர் படிக்கவில்லை. கயிறு வாங்கக் கிளம்பிவிட்டார்.

மொத்தம் முப்பத்தொரு சாமான். நங்கூரம், கைவலை, விசில், தண்ணீர் புகாத பை, அதற்குள் பர்ஸும் போனும், மீன் இருக்கும் இடத்தைத் திரையில் காட்டுகிற கருவி, அதன் பேட்டரி, இரண்டு தூண்டில் கம்பு, தூரத்தில் போகிற படகுகளுக்குத் தெரிய ஒரு சின்னச் சிவப்புக் கொடி, கத்தி, தொப்பி, தொப்பி பறந்தால் போட்டுக்கொள்ள இன்னொரு தொப்பி. எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கயிறு, எல்லாம் படகின் ஓரத்து வளையங்களில். முடிச்சும் அவரே கண்டுபிடித்தது. ஊரில் எந்தப் பூட்டையும் திறக்கிற மனிதர், யாராலும் திறக்க முடியாத ஒரு முடிச்சைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். அவராலும் முடியாது என்பது அவருக்கே தெரியாது, ஏனென்றால் அவிழ்க்கும் யோசனை அவருக்கு வந்ததே இல்லை.

ஞாயிறு தோறும் போவார். ஊருக்கு வெளியே பெரிய ஏரி, அதன் ஒரு கோடி குறுகிக் கடலில் போய்ச் சேரும். ஆறு மணிக்குக் கரையில் இறங்குவார். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்து எண்ணி முடிக்க எட்டரை ஆகும். அதற்குள் மீன்கள் காலை ஆகாரத்தை முடித்துக்கொண்டு ஆழத்துக்குப் போயிருக்கும். சாவிக்காரர் கருவியைப் போட்டுத் திரையைப் பார்ப்பார். கீழே மீன் போனால் திரையில் ஒரு குட்டி மீன் படம் வரும். அதைப் பார்த்துக்கொண்டே பத்தரை வரை உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்து, "இன்னிக்குப் பதினேழு" என்பார்.

"பதினேழு மீனா?"

"பாத்தது."

"பாக்கறதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய படகு? மீன் கடைக்குப் போனா நூறு பாக்கலாமே" என்பாள் மனைவி.

மூன்று வருஷம். ஒரு மீன் கூட இல்லை. நெத்திலி அளவில் கூட இல்லை.

அவள் அதற்காகச் சண்டை போட்டவள் இல்லை. சண்டை வந்தது கதவால்.

படகு வைக்க வீட்டில் இருந்த ஒரே இடம் வாசல் கதவிலிருந்து குளியலறை வரை போகும் நடை. நடையின் அகலம் மூன்றரை அடி. படகின் அகலம் இரண்டரை. பாக்கி ஓரடியில்தான் அந்தக் குடும்பம் மூன்று வருஷமாக வந்து போய்க்கொண்டிருந்தது, ஒருக்களித்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு. போன திங்கட்கிழமை காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது கைப்பையின் வார், தூண்டில் கம்பு செருகும் குழாயில் மாட்டிக்கொண்டது. கவனிக்காமல் வேகமாக இழுத்தாள். படகு நகர்ந்து, சுழன்று, மூக்கு கதவிலும் வால் எதிர்ச் சுவரிலுமாக முட்டி நின்றுவிட்டது. கதவு உள்பக்கம் திறக்கும் கதவு. மூன்று விரல் அளவுக்கு மேல் திறக்க மறுத்தது.

அவள் போன் செய்தாள். சாவிக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். பையை இறக்கினார். பூட்டில் சாவியைப் போட்டார், திறந்தது. மூடினார், மறுபடி திறந்தார். பூட்டில் ஒரு குறையும் இல்லை. கதவுதான் வரவில்லை. எதிர் வீட்டுக்காரரும் மாடி வீட்டுக்காரரும் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர், முப்பது வருஷப் பாக்கியைத் தீர்க்கிற சந்தோஷத்தில், "கடைசியா எப்ப தெறந்தீங்க?" என்று கேட்டார்.

அந்த மூன்று விரல் இடைவெளியில் மனைவியின் ஒரு கண் தெரிந்தது.

"என்னங்க."

"இரு, இரு. நீ பின்னாடி புடிச்சு இழு."

"இழுக்கறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க. வர்ற ஞாயித்துக்கெழம பன்னண்டு மணிக்குள்ள, இந்தப் படகுல போயி நீங்க புடிச்ச மீனு ஒண்ணு நம்ம சாப்பாட்டு மேஜைல இருக்கணும். இல்லன்னா படகு அடுத்த தெரு நீச்சல் மாஸ்டருக்கு. அவரு ரெண்டு மாசமா கேக்கறாரு."

"சரி, போட்டோ எடுத்து—"

"போட்டோ வேணாம். போட்டோல மீன் புடிச்ச ஆம்பளைங்கள நான் நெறைய பாத்துட்டேன். முழு மீனு. மேஜைல."

"புடிச்சது நான்தான்னு எப்படித் தெரியும் உனக்கு?"

"என் தம்பி சாட்சிக்கு வருவான்." கண் ஒரு தரம் இமைத்தது. "அவன் சொல்றத நான் நம்ப மாட்டேன். இருந்தாலும் வருவான்."

கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு ஒப்பந்தம் இப்படித்தான் கையெழுத்தானது. இடைவெளியில் கை நுழையாததால் கை குலுக்கவில்லை.

மச்சினனைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். கையில் ஒரு சின்ன வேன். உடம்போடு ஒட்டியிருப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தொலைப்பான். சாவிக்காரரின் கடையில் மாசத்துக்கு இரண்டு சாவி அவன் ஒருவன் கணக்கு. தொலைத்ததைப் பற்றி வருத்தப்படவும் மாட்டான். அது எப்படித் தொலைந்தது என்று ஒரு கதை சொல்வான், கதையில் நாய் வரும், போலீஸ் வரும், ஒரு தடவை ஹெலிகாப்டர் கூட வந்தது. அக்கா அவனை நம்பாததற்குக் காரணம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு இருவரும் ஏரிக்கரையில். மச்சினன் கரையிலேயே ஒரு பழைய கயாக்கை வாடகைக்கு எடுத்தான். தண்ணீர் பாட்டிலில் சுற்றிய தூண்டில் நரம்பு, ஒரு கொக்கி, அவ்வளவுதான் அவன் சாமான். ஆறே காலுக்குத் தண்ணீரில் இருந்தான். ஆறரைக்கு ஒரு மீன் பிடித்தான். கையில் தூக்கிக் காட்டினான், அது துள்ளித் தண்ணீரில் விழுந்தது.

"மாமா! பாத்தீங்களா?"

"போச்சே."

"போனா போவுது, வேற வரும்."

வேறு வந்தது. அதுவும் போனது. சாவிக்காரர் கரையில் உட்கார்ந்து பதினான்காவது முடிச்சைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, மணி ஏழாவப் போவுது. மீனுக்கு ஞாயித்துக்கெழம லீவு இல்ல, வாங்க."

"நீ உன் சாமானப் பாரு."

"என் சாமானு தண்ணிக்குள்ளதான் இருக்கு, செல்போன் உட்பட. இப்பத்தான் விழுந்துச்சு."

அன்றைக்கு மனுஷர் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். எட்டுக்கெல்லாம் இறங்கிவிட்டார். ஏரி கடலுக்குப் போகும் குறுகலான வாய்க்குப் பக்கத்தில், மணல் திட்டை ஒட்டி நங்கூரத்தைப் போட்டார். படகின் பக்கவாட்டில் நங்கூரம் கட்டினால் ஓட்டம் படகைக் கவிழ்த்துவிடும், தலையிலோ வாலிலோதான் கட்ட வேண்டும் என்று படித்திருந்தார், வாலில் கட்டினார். அன்றைக்கு அவர் சரியாகச் செய்தவற்றில் அது முக்கியமானது. தூண்டிலை வீசினார். திரையைப் பார்க்கக் கூடாது என்று அதன்மேல் இரண்டாவது தொப்பியைக் கவிழ்த்துவிட்டார். இது அவர் செய்த தியாகம்.

பத்து மணிக்குக் கம்பு வளைந்தது.

வளைந்தது என்றால், மூன்று வருஷமாக நேராகவே இருந்து பழகிய கம்பு, தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டது. ரீல் அலறியது. மச்சினனும் அலறினான். சாவிக்காரர் அலறவில்லை, அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்தக் கட்டத்துக்கு அவர் கயிறு எதுவும் வாங்கி வைத்திருக்கவில்லை.

மீன் படகுக்கு அடியில் போனது, நங்கூரக் கயிற்றைச் சுற்றியது, வந்தது, இன்னொரு தரம் சுற்றியது. சாவிக்காரர் கம்பைத் தூக்கினார்; கம்பின் கயிறு துடுப்பின் கயிற்றோடு பின்னிக்கொண்டது. கைவலையை எடுத்தார், வலையோடு குறடு வந்தது, குறட்டோடு விசில் வந்தது, விசிலோடு முதல் தொப்பி வந்தது. ஐந்து நிமிஷத்தில் அவர் மடியில் ஒரு கூடு தயாராகிவிட்டது, எந்தப் பறவை வந்தாலும் குடும்பம் நடத்தலாம்.

"நங்கூரத்தத் தூக்குங்க மாமா! அதுலதான் சுத்தியிருக்கு!" என்று மச்சினன் கத்தினான். அவன் வாழ்க்கையில் சொன்ன ஒரே உருப்படியான யோசனை அதுவாக இருக்கலாம். சாவிக்காரர் நங்கூரத்தை இழுத்துப் படகுக்குள் போட்டார். சுற்று விட்டது. படகு மெல்ல நகர ஆரம்பித்தது. தண்ணீர் கடலைப் பார்த்து இறங்குகிற நேரம் அது, காற்றும் கரையிலிருந்து அடித்தது. இரண்டும் அவர் கவனத்தில் இல்லை.

மீன் பக்கத்தில் வந்து புரண்டது. கொடுவா. கை நீளம் இருக்கும், வெள்ளியைத் தகடாக அடித்துச் செய்த மாதிரி. வலைக்கு வழியில்லை, வலை கூட்டின் அஸ்திவாரமாகிவிட்டது. கயிறுகளை வெட்டினால் வலை வரும். கத்தி? கத்தி முன்னால் இருந்தது. பாய்ந்து எடுத்தார். கத்தியோடு திரும்பினார். மடிக்கு ஒரு சாண் தூரத்தில் கை நின்றுவிட்டது. கத்தியின் கயிறு அவ்வளவுதான் நீளம்.

"கத்தியோட கயித்த அறுங்க மாமா!"

"எதால அறுக்கறது?"

இது நியாயமான கேள்வி. கத்தியைத் தன் கயிற்றின் மேலேயே மடக்கி வைத்து அறுக்கலாம் என்பது இதைப் படிக்கிற உங்களுக்குத் தோன்றும்; உங்கள் மடியில் முப்பத்தொரு சாமான் இல்லை. சாவிக்காரர் கத்தியைப் போட்டுவிட்டுக் குனிந்து, இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டு, மீனை அப்படியே கட்டிப்பிடித்தார். படகு சாய்ந்தது. அவர் விழுந்தார், மீனோடு.

முப்பத்தொரு சாமானும் படகில் கட்டியிருந்தன. முப்பத்திரண்டாவதாக அவரையும் கணக்கில் சேர்த்திருக்கலாம். ஆனால் அவர் பட்டியல் போட்டது வாங்கிய சாமான்களுக்கு. அவர் தன்னை வாங்கவில்லை.

ஜாக்கெட் அவரை மேலே தூக்கியது. அதே நேரத்தில் கொடுவா தலையை ஆட்டியது. அதன் செவுள் மூடி பிளேடு மாதிரி கூர், நரம்பு அதில் உரசிப் பட்டென்று அறுந்தது. இப்போது மீனுக்கும் உலகத்துக்கும் நடுவில் இருந்தது அவருடைய இரண்டு கை. படகு ஒரு முழம் தள்ளி ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பிடிக்க ஒரு கை வேண்டும். ஒரு கையை எடுத்தால் மீன் போய்விடும்.

அவர் கையை எடுக்கவில்லை. படகு இரண்டு முழம் போனது. நாலு முழம் போனது. முப்பத்தொரு சாமானையும் ஒன்று விடாமல் சுமந்துகொண்டு, சிவப்புக் கொடி படபடக்க, யாரோ வழியனுப்ப வந்த மாதிரி நிதானமாகக் கடலைப் பார்த்துப் போனது.

"மாமா! நீந்துங்க!"

"எப்படிடா நீந்த? கை ரெண்டும் மீன்ல இருக்கு!"

"காலு?"

காலை நீட்டினார். தரை தட்டியது. மணல் திட்டு. இத்தனை நேரம் அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது மார்பளவு தண்ணீரில்.

மீனைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு கரைக்கு நடந்தார். உள்ளங்கையில் முள் கிழித்து ரத்தம். பின்னாலேயே மச்சினன் கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தான். துடுப்பை எப்போதோ விட்டுவிட்டிருந்தான், எப்போது என்று தெரியாது. கரையில் ஏறியபோது அவன் காலில் ஒரு செருப்புதான் இருந்தது. ஆனால் அவன் படகு கரையில் இருந்தது. அதைச் சாவிக்காரர் ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்தார்.

படகுத்துறையில் ஒரு மோட்டார் படகுக்காரர் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடந்த எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார் என்பது அவர் டம்ளர் ஆடியதிலிருந்தே தெரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தப் படகு," என்றார் சாவிக்காரர்.

"தெரியுது."

"கொண்டாந்து குடுங்க."

"இன்னும் கால்மணி நேரத்துல வாய தாண்டிரும். தாண்டிட்டா நான் போவ மாட்டேன், அலை ஆவாது. இப்பவே போனாத்தான் உண்டு. என்ன குடுப்பீங்க?"

"பர்ஸ் அதுலதான் இருக்கு. கொண்டாந்ததும் கேட்டத எடுத்துக்குங்க."

"பர்ஸ்ல இருக்கறது எனக்குத் தெரியாது. மீன் தெரியுது." டம்ளரைக் கீழே வைத்தார். "வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க."

சாவிக்காரர் மீனை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். மணி பத்து முப்பத்தைந்து. இருபது நிமிஷத்தில் வீடு. மீனை மேஜையில் வைத்தால் படகு அவருடையது, கேள்வியே இல்லை. ஆனால் அந்தப் படகு அப்போது எந்தக் கண்டத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. மீனைக் கொடுத்தால் படகு வரும்; வந்த படகு பன்னிரண்டு மணிக்கு நீச்சல் மாஸ்டருக்குப் போகும். படகைக் காப்பாற்றினால் பந்தயத்தில் அதை இழப்பார், படகை இழந்தால் பந்தயத்தில் அதை ஜெயிப்பார். எத்தனையோ பூட்டு பார்த்த மனிதர். இரண்டு பக்கமும் சாவித் துவாரம் இல்லாத பூட்டை அன்றைக்குத்தான் பார்த்தார்.

கொடி சின்னதாகிக்கொண்டே போனது.

"கொஞ்ச நேரத்துல நான் போனாலும் புரோஜனமில்ல," என்றார் மோட்டார் படகுக்காரர், அவசரமே இல்லாமல்.

சாவிக்காரர் மீனை நீட்டினார். நீட்டினார் என்று எழுதிவிட்டேன்; உண்மையில் மச்சினன்தான் அவர் கைகளை ஒவ்வொன்றாக விலக்க வேண்டியிருந்தது. மோட்டார் படகுக்காரர் ஒரு விசில் அடித்தார், அவர் சம்சாரம் சைக்கிளில் வந்தாள், மீனைப் பையில் போட்டுக்கொண்டு போயேவிட்டாள். முழுசாக அரைமணி நேரம் கூட இல்லை, அவருக்கும் அந்த மீனுக்கும் நடுவில் இருந்த உறவு.

பதினொன்றேகாலுக்குப் படகு திரும்பி வந்தது. சாவிக்காரர் எண்ணினார். முப்பத்தொன்று. ஒன்று குறையவில்லை.

மச்சினன் படகுத்துறையின் மறுபக்கத்தைக் காட்டினான். அங்கே நாலைந்து பேர் கூடை வைத்து மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். "மாமா, அங்க பாருங்க, அதே சைஸ் கொடுவா. பர்ஸ்தான் வந்துடுச்சே. ஒண்ணு வாங்கிப் போட்டுட்டு போயிட்டே இருப்போம். அக்காவுக்கு என்ன தெரியப் போவுது? மீன் மூஞ்சிய பாத்தா இது எவன் புடிச்சதுன்னு எழுதியா இருக்கு?"

"வேணாம்."

"ஏன் மாமா? நீங்க நெசமாவே புடிச்சீங்கல்ல. இது பொய் இல்ல, டூப்ளிகேட். டூப்ளிகேட் சாவி போடறதில்லயா நீங்க?"

சாவிக்காரர் கொஞ்ச நேரம் கூடைகளைப் பார்த்தார். வாதம் பலமானதுதான். அவரே ஒரு கணம் ஆடிப்போனார். "டேய், இந்த ஊர்ல நான் தெறக்க முடியாத வீடு கெடையாது. இருந்தும் எல்லாரும் ராத்திரி நிம்மதியாத் தூங்கறாங்க. ஏன்?"

"ஏன்?"

"வேன எடு."

படகை வேன் மேல் ஏற்றிக் கட்டினார்கள். எப்போதும் ஒரு மணி நேரம் கட்டுகிறவர் அன்றைக்கு இரண்டே கயிறோடு விட்டுவிட்டார். கை எரிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது பன்னிரண்டடிக்க ஐந்து நிமிஷம். சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து, நடுவில் பெரிய தட்டை வைத்திருந்தாள் மனைவி. பக்கத்து நாற்காலியில் நீச்சல் மாஸ்டர் படகை அளக்க நாடாவோடு தயாராக உட்கார்ந்திருந்தார். இருவரும் சாவிக்காரரின் கைகளைப் பார்த்தார்கள். வெறும் கை.

"மீன்?" என்றாள்.

சாவிக்காரர் நின்றபடியே சொன்னார். ஒன்றையும் விடவில்லை. தொப்பி, கூடு, ஒரு சாண் தூரத்தில் நின்றுபோன கத்தி, மார்பளவு தண்ணீரில் சாகப் பார்த்தது, மீன் சைக்கிளில் போனது. சொல்லும்போது அவர் முகம் செவுளை விரித்த கொடுவா மாதிரிதான் இருந்தது. நீச்சல் மாஸ்டர் இரண்டு தடவை சிரித்துவிட்டு, இரண்டு தடவையும் இருமின மாதிரி மாற்றிக்கொண்டார்.

அவள் சிரிக்கவில்லை. கேட்டு முடித்ததும் தட்டை எடுத்துக் கழுவும் தொட்டியில் வைத்தாள்.

"வாங்கித்தான் வந்திருக்கலாமே. துறைல மீன் இல்லயா?"

"இருந்துச்சு."

"பின்ன?"

ஈரச் சட்டை தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் சொட்டுவதையே பார்த்தாள்.

நீச்சல் மாஸ்டர் எழுந்தார். "அப்ப படகு வேன்லதான இருக்கு? அப்படியே என் வீட்டுக்கு—"

"மாஸ்டர், மன்னிச்சுக்குங்க. படகு குடுக்கறதுக்கு இல்ல."

"ஏன்? மீன் வரலையே?"

"வரல. ஆனா புடிச்சிருக்காரு."

"நம்பறீங்களா இத?"

"பொய் சொல்ற ஆளு தன்னக் கொஞ்சம் நல்லா சொல்லிக்குவான் மாஸ்டர்," என்றாள் அவள். "இவ்ளோ கேவலமா ஒரு கதைய, நெசமா நடக்காம, வெளியாளு முன்னாடி எந்தப் புருஷன் வந்து சொல்லுவான்?"

நீச்சல் மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். அளவு நாடாவைச் சுருட்டினார்.

சாவிக்காரர் அசையாமல் நின்றார், அசைந்தால் தீர்ப்பு மாறிவிடும் என்பது போல. அந்த நேரம் பார்த்து மச்சினன் ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்தான். படகு தப்பியது என்று தெரிந்ததும் அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. சாட்சிக்கு வந்தவன், தன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற குறை வேறு. இரண்டு கையையும் அகல விரித்தான். "அக்கா! நான் என் கண்ணால பாத்தேங்க்கா! இத்தா பெரிய மீனு! படகயே தூக்கிடுச்சு! அப்ப பாத்து மேல ஒரு ஹெலிகாப்டர்—"

"நீ வாய மூடு," என்றாள் அக்கா. "மனசு மாறிடுவேன்."